வீட்டுப் புல்தரையில் கோரையும் மற்ற களைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் புல்தரை என்றால் பெரும்பாலும் கொரியன் புல், அருகு, பஃபலோ புல் இவற்றில் ஒன்றுதான். மூன்றுக்கும் முதல் எதிரி கோரை. அதனால் இங்கே பாதிக்கு மேல் கோரையைப் பற்றியே இருக்கிறது. அளவுகள் எல்லாம் ஒரு சென்ட் கணக்கில், அதாவது சுமார் 435 சதுர அடி அல்லது 40 சதுர மீட்டருக்கு.

பிடுங்கப் பிடுங்கக் கோரை கூடிக்கொண்டே போகிறதே, ஏன்?

நீங்கள் பிடுங்குவது இலையைத்தான். செடியின் உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து கம்பி போன்ற மெல்லிய வேர்த்தண்டு கிளம்பி அடுத்த கிழங்கை உண்டாக்கும், அதிலிருந்து இன்னொன்று. இப்படி மாலையில் கோத்த மணிபோல் கிழங்குகள் தொடராக ஓடும். பெரும்பாலானவை மேல் 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும், சில 30 செ.மீ. வரை இறங்கும்.

இந்தத் தொடரில் ஒரு கிழங்கு முளைத்து மேலே வந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அந்த முளையைப் பறித்தோ மண்ணைக் கொத்தியோ தொடரை அறுத்தால், அதுவரை தூங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைக்கும். ஒரு செடி நின்ற இடத்தில் 15 நாளில் நாலு செடி நிற்பது இப்படித்தான். மண்வெட்டியால் மேலோட்டமாகக் கொத்தி விடுவதும், ரோட்டவேட்டர் ஓட்டுவதும் கிழங்கைத் தோட்டம் முழுக்க நட்டு வைப்பதற்குச் சமம்.

அது கோரைதான் என்று எப்படி உறுதி செய்வது? புல் மாதிரியே இருக்கிறதே.

தண்டை இரு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டுக்கு மூன்று பட்டை, உருளாது. இலைகளும் மூன்று திசையாகப் பிரியும். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், அதில் கணுவும் தெரியும். கோரையின் இலை பளபளவென்று கரும்பச்சையாக இருக்கும். புல் வெட்டிய 3 நாளில் எது மற்றதைவிட ஒரு விரல் உயரம் மேலே நிற்கிறதோ, அது அநேகமாகக் கோரை.

கடைசியாகத் தோண்டிப் பாருங்கள். அடியில் கருஞ்சிவப்பு நிறத்தில், நறுக்கினால் மணக்கும் கிழங்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். குளியல் பொடியில் சேர்க்கும் கோரைக்கிழங்கு இதுதான். கிழங்கில்லாமல், விதையால் மட்டும் பரவும் கோரை வகைகளும் உண்டு. அவை ஈர மண்ணில் கையோடு வேருடன் வந்துவிடும், மருந்து தேவையில்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் மருந்து வாங்குவது வீண் செலவு.

மருந்தே இல்லாமல் கோரையை ஒழிக்க முடியுமா?

ஒரு சென்ட்டுக்குக் குறைவான இடத்தில், திட்டுத்திட்டாக இருந்தால் முடியும். முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் இறங்க மனமிருக்க வேண்டும்.

முந்தைய நாள் மாலை அந்தத் திட்டை நன்றாக நனையுங்கள். காய்ந்த மண்ணில் தொடர் அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும், சேறாக இருந்தால் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் ஆறிய ஈரம்தான் சரி. மறுநாள் குறுகிய களைவெட்டியையோ கடப்பாரையின் தட்டை முனையையோ செடியிலிருந்து நாலு விரல் தள்ளி, நேர் கீழாக 20 செ.மீ. இறக்கி நெம்புங்கள். மண் பிளந்து எழும்பியதும் கருவியை வைத்துவிட்டுக் கையால் தேடுங்கள். கறுப்பு நூல் போல வேர்த்தண்டு தெரியும். அதைப் பிடித்து இழுக்காமல், மண்ணை உதிர்த்துக்கொண்டே அது போகும் வழியில் போனால் அடுத்த கிழங்கு வரும். எடுத்ததை எல்லாம் ஒரு பாண்டில் போடுங்கள், தரையில் போட்டால் பாதி அங்கேயே கிடக்கும்.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சில தங்கும். அவை முளைக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. முளைத்த செடி முதல் சில வாரம் கிழங்கில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து வளரும். ஏறக்குறைய நாலு வாரம் ஆனபின் இலையில் செய்த உணவைக் கீழே அனுப்பிப் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அந்த எல்லையைத் தாண்டவிடாமல், 2 முதல் 3 வாரத்துக்குள் ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் கிழங்கு வரவில்லாமல் செலவு மட்டும் செய்து இளைக்கும். ஒரு கிழங்கில் பல மொட்டுகள் இருப்பதால் ஒன்றிரண்டு முறையில் சாகாது. இரண்டு பருவம், அதாவது ஒரு மழைக்காலமும் அடுத்த கோடையும் விடாமல் செய்தால் திட்டு கண்ணுக்குத் தெரியக் குறையும். நடுவில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் விட்டுவிட்டால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து.

தோண்டிய கிழங்கை எங்கே போடுவது?

எருக்குழியில் போடாதீர்கள். வீட்டு எருக்குழியின் சூடு கிழங்கைக் கொல்லப் போதாது, எருவோடு சேர்ந்து பூந்தொட்டிக்குப் போய்விடும். மொட்டை மாடிச் சிமெண்டுத் தளத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஏப்ரல், மே வெயிலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். கிழங்கு சாவது ஈரம் வற்றுவதால்தான். குவித்து வைத்தால் அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். நகத்தால் கீறினால் உள்ளே வெண்மை தெரியாமல், கல்போல் இறுகியிருக்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் பாலித்தீன் பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

மூன்று சென்ட் புல்தரை, முக்கால்வாசி கோரை. புல் சாகாமல் கோரை மட்டும் சாகும் மருந்து உண்டா?

உண்டு. ஹாலோசல்ஃபியூரான் மெத்தில் 75 சதம், நீரில் கரையும் குருணை. கரும்பு வயலில் கோரைக்கு அடிப்பதற்காக உரக்கடைகளில் விற்கிறார்கள். செம்ப்ரா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். கொரியன் புல், அருகு, பஃபலோ புல் மூன்றும் சரியான அளவில் இதைத் தாங்கும். பாக்கெட்டில் கரும்பு என்று இருக்கும், புல்தரை என்று இருக்காது. ஆகவே அடிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் துண்டுத்தாளைப் படியுங்கள், வட்டார வேளாண் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள், ஒரு மூலையில் 10 சதுர அடிக்கு மட்டும் அடித்து இரண்டு வாரம் பாருங்கள்.

அளவு ஏக்கருக்கு 36 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். அப்படியென்றால் ஒரு சென்ட்டுக்கு 0.36 கிராம், 2 லிட்டர் தண்ணீர். மூன்று சென்ட்டுக்கு 1.08 கிராம், 6 லிட்டர். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சமையலறைத் தராசு இவ்வளவு சிறிய எடையைச் சரியாகக் காட்டாது. "ஒரு சிட்டிகை", "கால் ஸ்பூன்" என்று போட்டால் மூன்று, நாலு மடங்காகிவிடும். புல் மஞ்சளாகி நின்றுபோகும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். மருந்துக்கென்றே தனியாக இருக்கட்டும்.

கோரை இலை மெழுகு பூசியதுபோல் இருப்பதால் தண்ணீர் உருண்டு விழுந்துவிடும். லிட்டருக்கு 2.5 மி.லி. ஒட்டு திரவம் கட்டாயம் சேர்க்க வேண்டும். இது இல்லாமல் அடித்துவிட்டு "மருந்து போலி" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

நேரம்: கோரை 4 முதல் 6 இலையோடு துடிப்பாக வளரும்போது. மழை தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் இந்த நிலை வரும். வெயிலில் வாடி நிற்கும் கோரையில் மருந்து கீழே இறங்காது. அதனால் காய்ந்த தரையில் அடிக்கும் எண்ணமிருந்தால் முதலில் ஒரு வாரம் தண்ணீர் விட்டுத் தளிர்க்கவிடுங்கள். அடிப்பதற்கு 2 நாள் முன்பும் அடித்த 2 நாள் பின்பும் புல் வெட்டக் கூடாது, மருந்து ஏறுவதற்கு இலை வேண்டும். அடித்தபின் 4 மணி நேரமாவது மழை வரக் கூடாது. அன்று முழுக்கத் தண்ணீர் விடாமல் இருப்பது நல்லது.

நாசில் தட்டையாக விசிறிபோல் தெளிப்பதாக இருக்கட்டும். பூச்சிமருந்துக்கு வைக்கும், பனிபோல் தெளிக்கும் நாசில் காற்றில் மருந்தைப் பக்கத்துப் பாத்திக்குக் கொண்டுபோகும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, கயிறு கட்டி அளந்த ஒரு சென்ட்டில் உங்கள் நடை வேகத்தில் அடித்துப் பாருங்கள். 2 லிட்டரில் முடிகிறதா? சீக்கிரம் தீர்ந்தால் நடை மெதுவாக இருக்கிறது, மிஞ்சினால் வேகமாக இருக்கிறது. இந்த ஒத்திகைக்குப் பிறகே மருந்தைக் கலக்குங்கள். கலக்கிய மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும், நாளைக்கென்று வைத்தால் வீரியம் போய்விடும்.

அடித்து 10 நாள் ஆகிவிட்டது. கோரை அப்படியே நிற்கிறது. மறுபடியும் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். இது இலையைக் கருக்கும் மருந்தில்லை. செடிக்குள் இறங்கிப் புரதம் உண்டாவதை நிறுத்தும். வளர்ச்சி சில நாளில் நின்றுவிடும், ஆனால் நிறம் மாற இரண்டு வாரம்கூட ஆகும். முழுக்கச் சாக மூன்று, நாலு வாரம். வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுங்கள். அழுகி, தனியாகக் கழன்று வந்தால் மருந்து இறங்கிவிட்டது.

முதல் தடவையில் முளைத்திருந்த கிழங்குகள்தான் சாகும். தூங்கியவை பிறகு முளைக்கும். அவையும் 4, 5 இலை விட்டதும், 6 முதல் 8 வாரம் கழித்து, அதே அளவில் இன்னொரு முறை. அதற்குமேல் மிஞ்சுவதைக் கையால் எடுத்துவிடலாம். வருடா வருடம் இதையே அடித்துக்கொண்டிருந்தால் தாங்கும் களைகள் தலையெடுக்கும்.

கிளைபோசேட் அடித்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்கிறார்களே?

போய்விடும், புல்தரையும் சேர்ந்து. கிளைபோசேட் பச்சையாக இருக்கும் எதையும் கொல்லும். மேலும் 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாகவே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஆகவே வாங்கிவந்து வீட்டில் நீங்களே அடிக்க வேண்டாம்.

பழைய புல்தரையை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறீர்கள் என்றால் இது பொருத்தமான மருந்து. உரிமம் உள்ள ஆளை அழைத்து, கோரை நன்றாக வளர்ந்து பூ விடும் தறுவாயில் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது உணவு இலையிலிருந்து கிழங்குக்கு இறங்கும், மருந்தும் கூடவே இறங்கும். அடித்து 14 நாள் மண்ணைத் தொடாதீர்கள். மறுபடி முளைப்பதற்கு இன்னொரு சுற்று.

பாராகுவாட் மட்டும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். அது கோரையின் இலையைக் கருக்குமே தவிரக் கிழங்கைத் தொடாது. மனிதர் வயிற்றுக்குள் போனால் அதற்கு மாற்றுமருந்தே கிடையாது.

உப்பு, வினிகர், வெந்நீர்?

கிழங்கைக் கொல்லும் அளவு உப்புப் போட்டால் மண் கெட்டுவிடும். களிமண் இறுகித் தண்ணீர் இறங்காது, பிறகு அந்த இடத்தில் எதுவும் ஒழுங்காக வராது. சமையல் வினிகரில் அமிலம் 4, 5 சதம்தான். வெயிலில் அடித்தால் இளஞ்செடியின் இலை கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. வெந்நீர் சில அங்குலம் இறங்குவதற்குள் ஆறிவிடும். நடைபாதைக் கல் இடுக்கில் முளைக்கும் சின்னக் களைக்கு மட்டும் வெந்நீர் நல்ல வழி, செலவும் இல்லை.

கறுப்பு பாலித்தீன் போட்டு மூடினால் கோரை செத்துவிடுமா?

சாகாது. ஊசி போன்ற முளையால் பாலித்தீனையே குத்திக்கொண்டு வரும். வெயிலின் சூட்டால் மண்ணை வேகவைக்க வேண்டுமென்றால் கண்ணாடி போன்ற தெளிந்த பாலித்தீன் வேண்டும், அதில்தான் சூடு உள்ளே இறங்கும். ஏப்ரல், மே மாதம், மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் தாளை மண்ணோடு ஒட்டியபடி விரித்து, நாலு ஓரமும் மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம். விதையில் முளைக்கும் களைகள் பெரும்பாலும் இதில் அடங்கும். கோரையில் மேலாக உள்ள கிழங்குகள் ஓரளவு சாகும், ஆழத்தில் உள்ளவை தப்பிக்கும். புல் இல்லாத வெற்று மண்ணுக்கு மட்டுமே இந்த முறை.

கோரையைத் தவிர, புளியாரை, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை என்று பலதும் வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வழிதானா?

ஒவ்வொன்றும் பிழைக்கும் விதம் வேறு.

புளியாரை படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதையைத் தூர வீசும். காய் நிமிர்ந்து நிற்பதற்கு முன்னால், ஈர மண்ணில், படரும் தண்டின் நுனியிலிருந்து தாய்வேர் வரை கையால் உரித்தெடுக்க வேண்டும். அறுந்து தங்கும் ஒரு கணு போதும், மறுபடி படரும்.

அம்மான் பச்சரிசியும், தரையோடு படியும் சிற்றம்மான் பச்சரிசியும் ஒற்றை ஆணிவேர்ச் செடிகள். கத்தியை மண்ணுக்குக் கீழே ஒரு அங்குலம் செலுத்தி வேரை அறுத்தால் தீர்ந்தது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கிரட்டைதான் இதில் கடினம். வேர் கிழங்குபோல் தடித்து ஆழமாக இறங்கும், மேலே அறுத்தால் தளிர்த்துவிடும். கடப்பாரை போட்டு ஓரடி ஆழம் தோண்டியே எடுக்க வேண்டும். நன்றாக வளர்ந்த ஒரு மூக்கிரட்டைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அதுவே சிக்கனம்.

வெட்டுக்காயப் பூண்டின் விதை பஞ்சோடு பறந்து வரும். அதனால் பூவைக் காய்க்க விடக் கூடாது. நெருஞ்சியை மஞ்சள் பூ தெரியும்போதே எடுங்கள், முள் முற்றினால் புல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். கீழாநெல்லி தானாகக் கையோடு வந்துவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கீழாநெல்லி, அருகம்புல், கோரைக்கிழங்கு எல்லாம் வீட்டு வைத்தியத்துக்கு எடுப்பவை. களைமருந்து அடித்த தரையிலிருந்து அவற்றை எடுக்கவே கூடாது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி அடிக்கலாமா?

கையால் எடுக்க முடியாத அளவு பரவியிருந்தால் மட்டும். 2,4-டி அமைன் உப்பு 58 சதம், ஒரு சென்ட்டுக்கு 5 மி.லி., 2 லிட்டர் தண்ணீரில். எஸ்டர் வகையை வாங்காதீர்கள். அது ஆவியாகி, அடித்த இடத்திலிருந்து தூரத்தில் உள்ள செடியையும் பிடிக்கும். கொரியன் புல்லும் அருகும் இந்த அளவைத் தாங்கும். பஃபலோ புல்லுக்கு இது ஒத்துக்கொள்ளாது, அடிக்காமல் விடுங்கள். புதிதாகப் பதித்து மூன்று மாதம் ஆகாத எந்தப் புல்லுக்கும் வேண்டாம்.

தக்காளி, பருத்தி, திராட்சை, ரோஜா, பப்பாளி எல்லாம் இதன் சாரல் பட்டாலே இலை சுருண்டு திருகிக்கொள்ளும். காற்றில்லாத விடியற்காலையில், நாசிலைத் தரைக்கு ஒரு அடிக்குள் வைத்து அடியுங்கள். அந்த ஸ்பிரேயரை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் வாஷரிலும் தங்கும் மிச்சம் அடுத்த மாதம் ரோஜாவைத் திருகும். "களை" என்று பெயிண்டில் எழுதித் தனியாக மாட்டி வையுங்கள்.

கொரியன் புல்லுக்குள் அருகு புகுந்துவிட்டது. அதை மட்டும் எப்படி எடுப்பது?

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று மணமக்களை வாழ்த்துவது சும்மா இல்லை. மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர். ஒரு கணு தங்கினாலும் மறுபடி வரும்.

கையளவு திட்டாக இருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியும் எல்லையைவிட அரை அடி கூடுதலாக வட்டம் போட்டு, 15 செ.மீ. ஆழம் மண்ணோடு வெட்டியெடுத்துவிட்டு, சுத்தமான மண்ணை நிரப்பிப் புதுக் கொரியன் துண்டைப் பதியுங்கள். அருகுக்கு நிழல் ஆகாது. மரத்தடியில் கொரியன் தானே முந்திக்கொள்ளும், நல்ல வெயிலில்தான் இந்தத் தொல்லை. தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அருகாகிவிட்டால் போராட வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. அருகையே புல்தரையாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை வெட்டினால் அருமையான தரை அது. தண்ணீரும் குறைவாகப் போதும்.

மழைக்கு முன்பே ஏதாவது செய்து முளைக்காமல் தடுக்க முடியாதா?

விதையில் முளைக்கும் களைகளுக்கு முடியும். பெண்டிமெத்தலின் 30 சதம், ஒரு சென்ட்டுக்கு 13 மி.லி., 2 லிட்டர் தண்ணீரில். வடகிழக்குப் பருவமழை பெறும் ஊர்களில் செப்டம்பர் கடைசி வாரம் சரியான நேரம். மண் ஈரமாக இருக்கும்போது அடித்து, மறுநாள் பூவாளியால் லேசாக நனைத்தால் புல் இலையிலிருந்து மண்ணுக்கு இறங்கி மேலே ஒரு படலமாக நிற்கும். அதைத் துளைத்துக்கொண்டு வரும் முளை சாகும். சுமார் இரண்டு மாதம் இந்தத் தடுப்பு நிற்கும், அதற்குள் மண்ணைக் கிளறினால் படலம் உடைந்துவிடும். ஏற்கெனவே முளைத்து நிற்பதற்கும் கோரைக் கிழங்குக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. மருந்து மஞ்சளாக இருக்கும், டைல்ஸில் சிந்தினால் கறை போகாது. வேர் பிடிக்காத புதுப் புல்லுக்கு அடிக்கவே கூடாது.

நாங்கள் சுத்தமாகத்தானே போட்டோம். களை எங்கிருந்து வந்தது?

அநேகமாகச் செம்மண் லோடிலிருந்து. ஏரிக்கரை, தோப்பு, வயல் என்று எங்கோ மேல்மண்ணை வாரிக் கொண்டுவருகிறார்கள். அங்கே கோரை இருந்தால் கிழங்கும் கூடவே வரும். கோரை விதையால் பரவுவது மிகக் குறைவு. பெரும்பாலும் கிழங்காகத்தான் வந்து சேர்கிறது. லோடு இறக்கும் முன் நாலைந்து இடத்தில் கைவிட்டு அள்ளிப் பாருங்கள்.

அடுத்தது எரு. மாடு தின்ற களைவிதை சாணத்தில் உயிரோடு வரும். குவித்துச் சூடேறி, பலமுறை புரட்டி, வாசனை போய்ப் பொடியான எருவில் இந்தத் தொல்லை குறைவு. பச்சைச் சாணத்தைப் புல்தரையில் கரைத்து ஊற்றுவது களையை விதைப்பதுதான்.

மூன்றாவது, நர்சரிப் புல். துண்டுகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கறுப்பு நூலும் சிறு உருண்டையும் தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம். நாலாவது, வீடு வீடாகப் போகும் வாடகைப் புல்வெட்டி. உங்கள் வீட்டில் ஓட்டுவதற்கு முன் பிளேடையும் அடிப்பலகையையும் கழுவச் சொல்லுங்கள்.

புதிதாகப் போடப்போகிறோம். தொடக்கத்திலேயே எப்படிச் சரியாகச் செய்வது?

புல்லைப் பதிப்பதற்கு முன் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். மண்ணைக் கொத்தி, கல், கிழங்கு பொறுக்கி, சமப்படுத்தி, எருவும் கலந்து முடித்துவிட்டு, புல் பதிக்காமல் தினமும் தண்ணீர் மட்டும் விடுங்கள். 15, 20 நாளில் உள்ளே உள்ள களை முளைத்துக் காட்டிக்கொடுக்கும். விதைக் களையை மேலாகச் சீவியெடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியிலுள்ள புது விதை மேலே வரும். கோரை முளைத்த இடத்தை மட்டும் ஆழத் தோண்டிக் கிழங்கெடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி எடுப்பு. குறைந்தது இரண்டு சுற்று, கோரை இருந்தால் மூன்று. தோட்ட ஒப்பந்தக்காரர்கள் இதற்குக் காத்திருக்க விரும்புவதில்லை, ஒரே வாரத்தில் முடித்துக் கொடுக்கவே பார்ப்பார்கள். வீட்டுக்காரர்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

பதிக்கும்போது துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் புல் செலவு குறையும், களையெடுக்கும் செலவு கூடும். நெருக்கமாகவே பதியுங்கள்.

தண்ணீர், உரம், வெட்டு: இதில் எது களையைக் கூட்டுகிறது?

மிகத் தாழ்வாக வெட்டுவது. மொட்டையடித்த புல்தரையில் வெயில் மண்ணில் விழும், விதை முளைக்கும். கோரைக்கும் நிழல் பிடிக்காது, ஆகவே அடர்ந்த புல்லே அதற்கு எதிரான நிரந்தரக் காவல். கொரியன் புல்லை 2.5 முதல் 4 செ.மீ., அருகை 2 முதல் 3, பஃபலோவை 5 முதல் 7 செ.மீ. உயரத்தில் வையுங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பது மேல்மண்ணை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும், கோரை விரும்புவது அதைத்தான். கோடையில் வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், இரண்டு அல்லது மூன்று தடவையாகப் பிரித்து ஆழமாக விடுங்கள். ஏசி தண்ணீர் சொட்டும் இடம், குழாயடி, பள்ளம் இங்கெல்லாம் கோரை திரளும். அந்த ஈரத்தை முதலில் சரிசெய்யாமல் மருந்து அடிப்பதில் அர்த்தமில்லை.

யூரியா ஒரு சென்ட்டுக்கு 400 கிராம் வரை, புல் வளரும் காலத்தில், காய்ந்த இலைமேல் தூவி உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் தூவினால் ஒட்டிக் கருகும். கோரையை அடக்கியபின் போடுங்கள். முன்பே போட்டால் புல்லைவிடக் கோரைதான் அதிகம் தின்னும்.

நடந்து நடந்து இறுகிய தடத்தில் காட்டுக் கேழ்வரகு போன்ற தட்டையான முரட்டுப் புல் வரும். அங்கே தோட்ட முள்கரண்டியால் 10 செ.மீ. ஆழம், ஒரு சாண் இடைவெளியில் குத்திவிட்டு, மணலும் எருவும் கலந்து தூவுங்கள்.

மருந்தடித்த தரைமேல் குழந்தைகளும் நாயும் எப்போது போகலாம்?

மருந்து முழுக்கக் காய்ந்து, ஒரு நாள் போனபின். அடிப்பவர் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம் அணிய வேண்டும். மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள், சொந்த டப்பாவில், பூட்டிய அலமாரியில். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்க முயலாமல் 108-ஐ அழைத்து, லேபிள் உள்ள டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். மருந்தடித்த புல்லின் முதல் இரண்டு, மூன்று வெட்டை மாட்டுக்கும் எருக்குழிக்கும் கொடுக்க வேண்டாம்.

நம் தரை சுத்தமாகிவிட்டது. பக்கத்துக் காலிமனைக் கோரை வேலிக்கடியில் வருகிறதே?

மதில் இல்லாத எல்லையில் ஓரடி ஆழம், கையகலக் கால்வாய் வெட்டி, தடித்த பிளாஸ்டிக் தாளையோ பழைய சிமெண்டு ஷீட்டையோ செங்குத்தாக இறக்கி, மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி மண்ணை இறுக்குங்கள். ஷீட்டுகள் சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏற வேண்டும். அந்த இடுக்கில்தான் கோரை நுழையும். சிமெண்டு ஷீட்டை உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம், ஏற்கெனவே இந்த அளவில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய ஷீட்டில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. எல்லையை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் புல் வைக்காமல் ஜல்லி போட்டுவிட்டால், தாண்டி வருவது முளைத்ததும் கண்ணில் படும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அந்த ஓரத்தை நடந்து பார்த்து, முதல் முளையிலேயே கிழங்கோடு எடுத்துவிடுங்கள்.